தொலையாத சாரதி அனுமதிப்பத்திரம்

சமாதான நீதவானின் முத்திரை சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். அதனால் வரும் தொல்லை வீட்டுக்குள்கூட அடங்காது என்பதை, என்னைப் போலவே முத்திரை வைத்திருக்கும் சக சமாதான நீதவான்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டிய அபராதம்

யட்டவத்தையைச் சேர்ந்த லொறிச் சாரதி செல்வராஜ், மனைவி தேவியுடன் பள்ளி ஆசிரியனான என்னிடம் வந்தார். கட்டாரில் வேலை கிடைத்திருந்தது. பத்து நாள்களுக்குள் பொலிஸ் நற்சான்றிதழ் கொடுக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். விண்ணப்பித்தபோதுதான், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வேகமாக ஓட்டிய வழக்கில் தம்மீது பிடியாணை இருப்பதை அறிந்தாராம். 'எனக்கு எந்த வழக்கும் இல்லை' என்ற சத்தியக்கடதாசியை நீட்டி, முத்திரை கேட்டார். வழக்குத்தான் இருக்கிறதே என்றேன்.

"அபராதத்த அப்பவே தபால் கந்தோர்ல கட்டிட்டேன் சேர், அப்புறம் என்ன வழக்கு?"

போகாத பயணம்

கட்டினால் மட்டும் போதாது, பற்றுச்சீட்டைப் பிடித்த பொலிஸில் காட்டி, அவர்கள் வாங்கிவைத்த சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு நீதிமன்றம் செல்லும். செல்வராஜ் காட்டவில்லை. பிடிபட்ட இடம் வில்கமுவ, பத்திரமும் அங்கேதான். அங்கே போகும் பஸ்ஸை நம்பினால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். ஆகவே, பத்திரம் தொலைந்துவிட்டதாக மாத்தளையில் சத்தியக்கடதாசி கொடுத்துப் புதியது எடுத்துவிட்டார்.

"பொய்ச் சத்தியமா செய்தீர்?" என்று குரலை உயர்த்தினேன். அவர் தலை குனிந்தார். தேவி குனியவில்லை. பழைய சத்தியக்கடதாசியின் பிரதியை மேசையில் விரித்தார். அடியில் என் கையொப்பம், என் முத்திரை.

"அன்னைக்கு நாலு எடத்துல எழுத்துப் பிழை திருத்துனீங்க சேர், எங்க தொலைஞ்சிச்சுன்னு மட்டும் கேக்கல."

எழுந்து நின்றவர்

உண்மை முழுவதையும் புதிய சத்தியக்கடதாசியில் எழுதச் செய்து, முத்திரை குத்தி, நானும் நீதிமன்றம் சென்றேன். பிடியாணை நீங்கலாம், பொய்ச் சத்தியத்துக்காக உள்ளே போகவும் நேரலாம் என்று செல்வராஜின் சட்டத்தரணி எச்சரித்திருந்தார். பிள்ளையின் கிளினிக் புத்தகத்துக்குள் தேவி பாதுகாத்த பற்றுச்சீட்டை நீதவான் நெடுநேரம் பார்த்தார். கடுமையாக எச்சரித்துப் பிடியாணையை மீளப் பெற்று, வழக்கை முடித்தார். பிறகு பழைய, புதிய சத்தியக்கடதாசிகள் இரண்டையும் அருகருகே வைத்து, முத்திரைக்கு உரியவர் யார் என்றார். எழுந்து நின்றேன்.

"அடுத்த முறை முத்திரையைத் திறப்பதற்கு முன் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள், மாஸ்டர்."

ஒன்பதாம் நாள்

நற்சான்றிதழ் வந்துவிட்டது. அதன் பிரதியை உறுதிப்படுத்தத் தம்பதியர் ஓடிவந்தனர். மூலப் பத்திரம் எங்கே, எப்போது கிடைத்தது, யார் கொடுத்தார் என்று நான் வரிசையாக விசாரித்தேன். தேவி முத்திரையை எடுத்து என் கையில் திணித்தார்.

"ஆறு வருசத்துக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டியத இப்ப கேக்காதீங்க சேர், வேலை போயிரும், குத்துங்க!"

இப்போதெல்லாம் என் மேசையில் கேள்வி முதலில், முத்திரை பிறகு, எழுத்துப் பிழை கடைசியில்.