சோக்கும் டிரைவரும்

சமயநல்லூர் பேயாண்டிக்கு வயிற்றெரிச்சல் புதிதல்ல. செல்லூரில் விசைத்தறி ஓட்டிய காலத்தில், பக்கத்துத் தறியில் ஒரு சேலை கூடுதலாக இறங்கினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அது தூங்கி எழுந்தால் போய்விடும். சகலை அழகுராஜா மீது வந்தது போகிற ரகம் இல்லை.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அடுத்தடுத்த தெருவில் வீடு. தொழிலும் ஒன்றுதான்: அறைக்குள் தட்டுத் தட்டாகக் கடுகும் முள்ளங்கி விதையும் தூவி, விரல் உயரம் வளர்ந்ததும் ஹோட்டலுக்குக் கொடுப்பது. வெயிலுக்குப் பதில் தலைக்கு மேலே எல்இடி விளக்கு. கோரிப்பாளையத்தில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய விளக்குகள். அப்படியிருந்தும் புரட்டாசிக்குப் பிறகு அழகுராஜாவின் கீரை மட்டும் தண்டு தடித்து நிமிர்ந்து நின்றது. பேயாண்டியின் கீரை காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் வெளிறிச் சாய்ந்தது.

இந்த நேரம் பார்த்து, பெரிய ஹோட்டல்காரர்கள் இனி ஒருவரிடம்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் தேதி இரண்டு பேர் தட்டையும் பார்த்து முடிவு. அந்த ஆர்டர் போனால் பேயாண்டி மறுபடி தறிக்குத்தான் போக வேண்டும்.

மானத்தை விட்டு, சகலை இல்லாத நேரமாகப் பார்த்துக் கொழுந்தியாள் கனகாவிடம் போய் நின்றார். பூஞ்சை வந்துவிடும் என்று வளர்ப்பு அறைக்குள் அவள் யாரையும் விடுவதில்லை. வாசலிலேயே கேட்டார்.

"ஒங்க கீரைய மட்டும் ஹோட்டல்ல தூக்கி வச்சுப் பேசுறாகளே, அப்படி என்னத்தா பண்ணுறீக?"

"டிரைவர மாத்துனோம் மச்சான், அம்புட்டுத்தேன். பழசு சும்மா சும்மா சூடேறி நின்னுரும். புதுசு ஒரே சீரா ஓடுது." அடுப்பில் பால் பொங்கவே உள்ளே ஓடிவிட்டாள்.

பேயாண்டிக்குப் பொறி தட்டியது. அழகுராஜாவின் பழைய வேன் டிரைவர் மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். டீக்கடை கண்ட இடமெல்லாம் நிற்பான். புரட்டாசியில்தான் காளை என்ற புது ஆள் வந்திருந்தான். கீரை வாடாமல் போய்ச் சேரும் ரகசியம் இதுதானா! மறுநாள் காலையிலேயே காளையை மடக்கி, கூடுதல் சம்பளம் பேசி, "இன்னைக்கே வந்துரு" என்று தன் லோடு ஆட்டோவுக்கு இழுத்துக்கொண்டார். அழகுராஜா தானே வேன் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்த அன்று அவருக்கு நல்ல தூக்கம்.

முதல் தேதி காளை தட்டுகளைத் தொட்டில் பிள்ளைபோல் கொண்டுபோய் இறக்கினான். சமையல் மேலாளர் இரண்டு தட்டையும் பார்த்தார். அழகுராஜாவின் தட்டை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

திரும்பும் வழியில் பேயாண்டி வெடித்தார். "அவனுக்கு மட்டும் என்னடா பக்குவம் பண்ணுன?"

"நான் வண்டிதான்ணே ஓட்டுறேன். கீரைக்கு நான் என்ன செய்ய?"

"டிரைவர மாத்துனதாலதான்னு கனகாவே சொல்லுச்சு."

காளை ஆட்டோவை ஓரங்கட்டினான். "அண்ணே, அது சொன்ன டிரைவரு ஆளு இல்ல, லைட்டுக்குக் கரண்டு குடுக்குற பெட்டி. டியூப்லைட்டுல சோக்குன்னு சொல்லுவோமே, அது மாதிரி. லைட்டுல எரியிற சிப்பையும் அதையும் சேத்துப் புதுசா போட்டாக." கொஞ்சம் தயங்கினான். "நான் ஒங்ககிட்ட வந்த அன்னைக்குக் காலையில, ஒங்களுக்கும் ஒரு செட்டு ஒங்க சகலை குடுத்துவிட்டாரு. வேன் சீட்டுக்கு அடியில வச்சேன். நீங்க கூப்பிட்ட வேகத்துல சாவிய மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்."

"வண்டிய எடுறா" என்றார் பேயாண்டி.

சாயங்காலம் அழகுராஜாவே பெட்டியோடு வந்தார். "வண்டியக் கழுவையில கெடந்துச்சு சகல. வேற ஹோட்டலு பிடிச்சுக்கிறலாம், மொதல்ல இத மாட்டுங்க." காளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பேயாண்டிக்கு ஆறியிருக்கும். கொடுக்கிற கையும் அவன் கையாகத்தான் இருக்க வேண்டுமா என்று நெஞ்சு காந்தியது.

சகலை தெரு திரும்பும்வரை காத்திருந்து பெட்டியைப் பிரித்தார். தகட்டில் வரிசையாக ஒட்டியிருந்த சிப்புகளை விரல் வைத்து எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு காளையைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அவன் லைட்டுல எம்புட்டுடா இருக்கு?"