பவுன் அக்காவின் முன்பல்

கொக்கி தைத்து முடித்ததும் பவுன் அக்காவின் வலது கை நூலோடு வாய்க்குப் போனது. முகக்கவசத்தில் முட்டி, கொஞ்சம் தயங்கி, கத்தரிக்கோலைத் தேடியது. ஒரு நாளைக்கு இப்படி நாற்பது தடவை.

புனேயின் போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவருடைய தையல் கடை. முப்பது வருடத் தொழில். "என் பிளவுஸைத் திருப்பிப் பாரும்மா. ஒரு பிசிறு தொங்காது. கத்தரி வச்சா துளி நூல் நிக்கும். பல்லுதான் துணி ஓரம் வரைக்கும் போவும்." பெருமை நியாயமானதுதான். ஹடப்சரிலிருந்து ஐ.டி. பெண்கள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். ஆனால் நூல் அறுத்து அறுத்தே மேல்வரிசை முன்பல்லில் பள்ளம் விழுந்தது, பிறகு விரிசல், பிறகு பல்லே போனது.

அதன்பின் வாயை மூடியபடியே அளவெடுத்தார். கூலி கேட்டால் சீட்டில் எழுதிக் காட்டினார். அதைத் திமிர் என்று நினைத்துச் சிலர் வராமல் போனார்கள். பிறகு வாங்கிப் போட்ட கழற்றி மாட்டும் பல் ஒருநாள் தும்மலில் தெறித்து, ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டின் மேல் விழுந்தது. அன்றுதான் இம்ப்ளாண்ட் வைக்க முடிவு செய்தார்.

பல் மருத்துவர் நஸ்ரின் தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் மேல் தற்காலிகப் பல்லைப் பொருத்தினார். பன்னிரண்டாம் நாள் ஓர் அவசர பிளவுஸ். பழக்க தோஷத்தில் அக்கா நூலைக் கடித்தார். திருகு ஆடிவிட்டது.

"'கைஞ்சி நஹீ ஹை க்யா, தாயி?'ன்னுச்சு டாக்டரு. ஒரு தையக்காரியப் பாத்து கத்தரிக்கோல் இல்லியான்னு கேட்டா எப்டி இருக்கும்?"

எலும்பு ஆறியபின் மீண்டும் ஒரு திருகு, மீண்டும் தற்காலிகப் பல். இதுவும் ஆடினால் இன்னொன்று வைக்க எலும்பு போதாது என்று நஸ்ரின் சொல்லிவிட்டார். கடையில் முகக்கவசம் வந்தது அதன் பிறகுதான். நான்கு மாதம், தைக்கும் நேரமெல்லாம்.

எதிர் டீக்கடை காசிம் சீண்டுவார். "யாருக்கு பயந்து மூஞ்ச மூடிக்கிட்டிருக்க, பவுனக்கா?"

"என் வாய்க்குத்தான்டா."

எலும்பு திருகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதை எக்ஸ்ரே காட்டியது. போன செவ்வாய்க்கிழமை நிரந்தரப் பல் ஏறியது. அக்கா நேராகக் கடைக்குத் திரும்பினார். பல் போன நாளிலிருந்து சுவரைப் பார்த்தே கிடந்த தையல் மெஷினை, கைகொடுக்க ஓடிவந்த காசிமையும் விலக்கிவிட்டு, தனியாளாக இழுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.