வெட்டச் சொன்ன காக்கிச் சட்டை

என் கையெழுத்துக் கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லூரில் என் தையற்கடைக்கு ஒரு இளம் லெப்டினன்ட் வருவார். அரச உத்தியோகத்துக்குக் கட்டாயமாக்கிய சிங்களச் சோதனை எழுத மறுத்ததால் பட்டாளத்தை விட்டு விலகவேண்டி வந்தவர். ஆனாலும் சேமப்படையில் பெயர் கொடுத்திருந்தார், கூப்பிட்டால் போகவேண்டும். அதற்காகவே வருடந்தோறும் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து, உடம்புக்கு ஏற்றபடி தளர்த்தித் தைப்பிப்பார். கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டார், நிமிர்ந்தே நிற்பார்.

1961இல், தமிழுக்கு உரிமை கேட்டு யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலக வாசலில் குந்தியிருந்த சனத்தைப் பட்டாளம் அடித்துக் கலைத்த கிழமை, அதே சட்டையை மேசையில் எறிந்தார்.

"உந்தச் சட்டையை வெட்டுங்கோ, அண்ணை. சின்னப்பிள்ளையளுக்குக் காற்சட்டை தையுங்கோ."

"கூப்பிட்டா என்ன செய்வியள், தம்பி?"

"கூப்பிட்டிட்டாங்கள். உத்தியோகத்துக்கு என்ரை தமிழ் போதாதாம். எங்கடை சனத்தை அடிக்க மட்டும் நான் வேணுமாம். அந்த வாசல்லை என்ரை அம்மாவும் இருந்தவ."

"போகாட்டிப் பிடிச்சுச் சிறையிலை போடுவாங்களே."

"அங்கை வேறை உடுப்புத் தருவாங்கள்."

தோள் நட்சத்திரங்களை அவரே பிடுங்கினார். மிச்சத்தை நான் வெட்டினேன். கோபத்தில் கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்திருந்தேன். அதன்பின் அவர் வரவில்லை. என்ன செய்தார்களோ தெரியாது. இன்றும் காக்கித் துணி வந்தால் கத்தரிக்கோலை இறுக்கித்தான் பிடிக்கிறேன்.

1978 ஆவணி 3