தேவையில்லாத மூன்று

நான் கட்டிய உதாரணத்துக்கு இன்று இன்னொருவர் பெயர். அதை வகுப்பில் நடத்துகிற கொடுமையும் எனக்கே வாய்த்திருக்கிறது.

கொல்கத்தாவில் நான் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது எங்கள் துறையில் எனக்கு மூத்த தமிழர் ஒருவர் இருந்தார். ஆய்வை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம். ஞாயிறானால் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அண்ணா சாப்பிட வந்துவிடுவார், கையில் கரியாஹாட் கடை சந்தேஷ் இனிப்போடு. அம்மா அவருக்கென்றே வத்தக்குழம்பு வைப்பாள்.

என் பாடம் ஆபரேட்டர் ஸ்பேஸ், கணிதத்தில் வெளி என்று சொல்வதில் ஒரு வகை. ஒரு வெளியில் உள்ளவற்றைத் தனித்தனியாக அளப்பது பழைய வழி. அவற்றையே மேட்ரிக்ஸ்களாக, சதுரம் சதுரமாக அடுக்கி அளப்பது இது. தனியாக அளந்தால் பரம சாதுவாக இருக்கும் வெளி, அடுக்கி அளந்தால் பேயாட்டம் ஆடும். எல்லோரும் உண்மையென்று நம்பியிருந்த ஒன்றைப் பொய்யாக்கும் அப்படியொரு வெளியை நான் கட்டினேன். நோய்பிடித்த உதாரணம் என்பார்கள் எங்கள் ஆட்கள். எனக்கு அது தங்கம். என் ஆய்வேடே அதை நம்பித்தான் இருந்தது.

அதில் சதுரங்களை மும்மடங்காகப் பெருக்கிக்கொண்டே போயிருந்தேன். இரட்டித்தாலே போதும். ஆரம்பத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, இரண்டு பற்றாதோ என்று பயந்து மூன்று வைத்தது. தப்பைத் திருத்திய பிறகும் மூன்றை மாற்றச் சோம்பல்.

ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும் அண்ணாவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, பேய்க்கு மாளிகை கட்டிருக்க? இதையெல்லாம் ஒருத்தனும் சீண்ட மாட்டான். தூக்கிப் பரண்ல போட்டுட்டு உருப்படியா ஒரு தேற்றம் பண்ணு."

நம்பினேன். மடச்சி மாதிரி நம்பினேன். வேறொன்றைப் பிடித்துக்கொண்டு மாரடித்தேன்.

பூஜை விடுமுறை முடிந்ததும் துறையில் அவருடைய உரை. திரையில் என் வெளி. அதே சதுரங்கள், அதே மூன்று. கேள்வி நேரத்தில் எழுந்து, ஏன் மூன்று, இரண்டு போதாதா என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. ஒரு வசதிக்காகத்தான் என்று சிரித்தார். சபையும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.

வெளியே எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. கடைசி ஸ்லைடுல உனக்கு நன்றி போட்ருக்கேன்ல, பாக்கலையா?"

மண் குவளையை டீயோடு அவர் காலடியில் போட்டு உடைத்தேன். இந்த ஊரில் டீ குடித்தவர்கள் எல்லோரும் குவளையை உடைக்கிறவர்கள்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புகார் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. என்னிடம் இருந்தது பேனாவில் கிறுக்கிய தாள்கள். வேறு தலைப்பில் ஆய்வேட்டை முதலிலிருந்து தொடங்கினேன். நம் வீட்டுச் சோற்றைத் தின்றவனா இப்படி என்று அம்மா அழுதாள்.

சமீபத்தில் அந்த உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, அவர் ஏன் மூன்று எடுத்தார், இரண்டே போதுமே என்றாள்.

"இரண்டு பற்றாதோ என்று பயந்து எடுத்தது," என்றேன்.

"புத்தகத்தில் இல்லையே மேடம். அவரே உங்களிடம் சொன்னாரா?"

"இல்லை," என்றேன். "அவருக்குத் தெரியாது."