இடப்பக்கம் சாய்ந்த எழுத்து

தொண்டைமானாற்றுக் கரையில் ஒதுங்கிய படகுத் துண்டைச் சங்கக் கட்டடத்துக்குள் ஒரு சாக்கின்மேல் வைத்திருந்தார்கள். யன்னல் கதவளவு பைபர். அதில் ஒரேயொரு ஆங்கில எழுத்துத்தான் முழுதாய் மிஞ்சியிருந்தது: ஆர்.

"எழுத்து உங்கடை கைதான் எண்டு தெரியுது, தம்பிராசா. ஆரின்ரை படகு எண்டதைத்தான் சொல்லவேணும்," என்றார் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியம். "டிலக்ஷன்ரை எண்டால், நாளைக்குத் தேடப் போற பெடியளை மறிச்சுப்போடுவம். காத்து இன்னும் அடங்கேல்லை."

சுவரோடு சாய்ந்து டிலக்ஷனின் மனைவி கீர்த்திகா இருந்தாள். அவன் கடலுக்குப் போய் ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது.

"வல்வெட்டித்துறையிலை முக்கால்வாசிப் படகிலை இந்த எழுத்துத்தானே, அண்ணை," என்றாள்.

அது பொய்யில்லை. பத்திரிகைத் தலைப்புகளையும் பழைய பிஸ்கட் தகரப் பேணிகளையும் பார்த்துப் பார்த்தே எழுதப் பழகியவர் தம்பிராசா. கடைப்பலகை, கோயில் வளைவு எல்லாம் எழுதிய பிறகு, படகுக்கென்று ஓர் எழுத்தில் வந்து நின்றார். தடித்தது, சரிந்தது, அடியில் பாதம்போல் குறுங்கோடு வைத்தது. தடிப்பு இருந்தால் தூறலுக்குள்ளும் பெயர் தெரியும். சரிவு, கட்டி நிற்கும் படகையும் ஓடுவதாகக் காட்டும். வளைந்த உடலில் எழுத்துகள் அலையாமல் பாதங்கள் ஒரு கோட்டில் பிடித்துக்கொள்ளும். மெல்லிய கோடுகளைத்தான் உப்பு முதலில் தின்னும் என்று அவற்றுக்கு மட்டும் இன்னொரு பூச்சுக் கொடுப்பார்.

டிலக்ஷன் தன் மகள் தாரிகாவின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் எழுதக் கேட்டிருந்தான். தம்பிராசா வலப்புறம் எழுதி முடித்து இடப்புறமும் எழுதியபோது அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, இந்தப் பக்கம் படகின்ரை முன் அணியம் இடக்கைப் பக்கமெல்லே. எழுத்துப் பின்னுக்குச் சரியுது. படகு றிவேசிலை போற மாதிரிக் கிடக்கு."

"எழுத்தெண்டா வலப்பக்கந்தானடா சாயும். மற்றப் பக்கம் சாய்ச்சா குடிச்ச வெறியன் நிக்கிற மாதிரி இருக்கும்."

"நிக்கட்டும் அண்ணை. முன்னுக்குப் பாத்தபடி நிண்டாச் சரி."

தம்பிராசா அழித்தார். தடிப்பு எங்கே விழும், பாதம் எப்படித் திரும்பும் என்று மணலில் கீறிப் பார்த்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் இடப்பக்கம் சாய்த்து எழுதினார். வேறு எவருக்கும் அவர் அப்படி எழுதியதில்லை.

சாக்கின்மேல் கிடந்த ஆர் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

தம்பிராசா குந்தியிருந்து அதைத் தடவினார். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், விடியப் பெடியள் இந்தக் காற்றுக்குள் இறங்குவார்கள்.

"டிலக்ஷன்ரைதான்," என்றார். "இடப்பக்க அணியம்."

கீர்த்திகா அழவில்லை. "அவர் கேட்டாப்போலை ஏன் அண்ணை எழுதினனீங்கள்? எல்லாருக்கும் எழுதின மாதிரி எழுதியிருந்தா, இது வேறை ஆரின்ரையோ எண்டு நான் இருந்திருப்பன்."

சிவசுப்பிரமணியம் வெளியே போய்ப் பெடியளிடம் ஏதோ சொன்னார். நாளைக்கென்று படகுகளில் ஏற்றியிருந்த மண்ணெண்ணெய்க் கான்களை அவர்கள் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்கள்.