மங்களத்துக்கு முன்னால் அரைமணி

மயிலாப்பூரில் ஸ்ரீரங்கனை யாருக்குத்தான் தெரியாது? வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாய், பதினோரு வருஷமாக, ஒரு சின்ன சபாவுக்குக் காரியதரிசி. ஜமக்காளம் விரிப்பதிலிருந்து பாடகிக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைப்பதுவரை எல்லாம் அவர்தான். நல்ல மனுஷர், யார் இல்லை என்றது? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததை மட்டும் என்னவென்று சொல்ல!

வட்டாரக் கலைஞர்களுக்கும் மேடை தந்தால்தான் அரசு மானியம் என்று அந்த வருஷம் நிபந்தனை. ஸ்ரீரங்கனே சாந்தோம் குப்பத்துக்குப் போய், கானா பாடும் பாலுவைப் பிடித்தார். பூங்காக் கச்சேரியில், மங்களத்துக்கு முன்னால் அரைமணி நேரம் அவனுக்கு. பாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி சூடாமணி, அக்கம்பக்கம் என்று மூன்று ஆட்டோவில் ஜனத்தைக் கூட்டிவந்தான். காலி நாற்காலிகள் நிறைந்ததே அவர்களால்தான். ஆரம்பத்திலேயே பாலு குழுவை மேடையேற்றிப் படமும் எடுத்தாயிற்று.

கச்சேரி முடியும் தறுவாயில், பாலுவுக்கு வேண்டிய நேரம் இருந்தது. ஆனால் முன்வரிசை முகம் சுளிக்குமே என்று ஸ்ரீரங்கனுக்கு உதறல். பாடகியிடம் குனிந்து, "மங்களம் பாடிடுங்கோ" என்றார். பிறகு மேடையோரம் காத்து நின்ற பாலுவிடம் போய், "மங்களம் ஆயிடுத்துப்பா. அதுக்கப்புறம் யாரும் பாடப்படாது, சம்பிரதாயம்" என்றார்.

"அப்டியா சார்? சாமி சமாச்சாரம், நமக்கு இன்னா தெரியும்" என்று டேப் மேளத்தை உறைக்குள் போட்டான் பாலு.

மானிய அறிக்கையில் ஸ்ரீரங்கன், 'கானா, முப்பது நிமிடம்' என்று எழுதிப் படத்தையும் ஒட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அடுத்த மாதம் சரிபார்க்க வந்த அதிகாரி ஜஹீதா, அவர் எதிரிலேயே பாலுவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, "நீங்க அரைமணி பாடினதா சார் எழுதியிருக்கார், பாடினீங்களா?" என்று கேட்டாள்.

"பாட்னோம் மேடம். ஜனம் செம்மயா கை தட்டுச்சு" என்றான் பாலு.

ஜஹீதா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பிழைத்தோம் என்று இருக்க வேண்டியவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரே பாலுவைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா அப்படிச் சொன்னே?"

"நீ தப்பா எழுதுவியா சார்? நாந்தான் மங்களத்துக்கு முன்னாடி மேடைக்கு வராம ஓரமா நின்னுக்கினு இருந்துட்டேன். என்னால உன் பேரு கெடலாமா? அடுத்த வருசம் கூப்டு சார், மின்னாடியே ஏறிர்றேன்."

சீ, இவனிடமா! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது ஸ்ரீரங்கனுக்கு. தப்பு என்னுடையது என்ற இரண்டு வார்த்தைதான் சொல்ல வேண்டியது.

"லைன்ல கீறியா சார்?" என்றான் பாலு. கொஞ்சம் பொறுத்து, "சரி சார், வெச்சிர்றேன்" என்றான்.