புட்டுவின் கூண்டில் ஒரு சட்டை

அம்மாவுக்கு மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றில் தாதி வேலை கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பூனை புட்டு வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அப்பா, பூனையை அனுப்ப என்னவெல்லாம் வேண்டும் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். தானும் ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னைவிடப் புட்டுவுக்குத்தான் மரியாதை. தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பூனையைக் கூண்டுக்குப் பழக்குவது அப்பாவின் வேலை. தினமும் வேலை முடிந்து வந்ததும் தரையில் படுத்துக்கொண்டு நெத்திலியை ஒவ்வொன்றாக உள்ளே நீட்டுவார். அது தின்றுவிட்டு வெளியே வந்து அவர் வயிற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

எனக்குப் பயம் போகவில்லை. அங்கே போனதும் பத்து நாள் தனியே அடைத்து வைப்பார்களாம். முகம் தெரியாதவர்களிடம் புட்டு சாப்பிடாமலே செத்துப்போகும் என்று நினைத்தேன். பூனையை அனுப்ப ஏற்பாடு செய்த நிறுவனத்து அக்கா ஒரு வழி சொன்னார். வீட்டில் ஒருவர் போட்டுக் கழற்றிய துணியைத் துவைக்காமல் கூண்டுக்குள் விரிக்க வேண்டும். பழகிய வாசம் இருந்தால் பூனை மிரளாது. என் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினேன். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை.

"நீதான் அங்க இருப்பியே மா. என்னோடது இருக்கட்டும்."

பூனை என்னுடையது, சட்டை மட்டும் அவருடையதா என்று எனக்குக் கோபம்.

அம்மாவுக்கோ அழுக்குத் துணியோடு யாரையும் ஊருக்கு அனுப்பிப் பழக்கமில்லை. அப்பா எடுத்து வைத்த சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, புதுத்துணிக்கு வைப்பதுபோல ஓரத்தில் மஞ்சளும் தடவி வைத்துவிட்டார். விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில்தான் அப்பா அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசம்தான் லா இருக்கு," என்றார்.

அப்பா தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கூண்டுக்குள் விரித்தார். கத்திக்கொண்டிருந்த புட்டு அதில் முகத்தைப் புதைத்துச் சுருண்டு படுத்தது. அத்தனை பேருக்கு நடுவில் அப்பா பனியனோடு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ போலத் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

நானும் அம்மாவும் சில நாள் கழித்து மெல்பர்ன் போய், பத்து நாள் முடிந்ததும் புட்டுவை எடுத்துவரப் போனோம். புட்டு இளைத்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. கூண்டில் வந்த துணியை விதிப்படி எரித்துவிட்டோம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அம்மா காரில் ஏறியதும் அழ ஆரம்பித்தார். பழைய சட்டைதானே, அப்பா வரும்போது வேறொன்று எடுத்துவரச் சொல்லலாம் என்று தேற்றினேன். அவர்கள் இருவரும் பிரிந்துவிடுவதென்று பேசி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. நான் தேற்றத் தேற்ற அம்மா ஏன் இன்னும் அதிகமாக அழுகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.